பழைய மணிக்கூடும் உறுதிப் பையும்

அன்புள்ள அக்கா,
வன்னியில் சிறுவயதில் நான்சி ட்ரூ துப்பறியும் கதைகள் வாசித்ததாகப் போன கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சொந்தக் கார், சட்டத்தரணி அப்பா, பெரிய வீடு என்று வாழும் அமெரிக்கப் பிள்ளையின் கதை, போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இருந்த உங்களுக்கு எப்படி ஒட்டியது? என் மகளுக்கு 11 வயது. கொடுக்கலாமா?
- வாசகி, வவுனியா

அன்புள்ள தங்கைக்கு,

கார் ஒட்டவே இல்லை. அப்போது வன்னியில் மோட்டார் சைக்கிளையே துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். நான்சி நினைத்தவுடன் காரில் ஏறிப் போவதையும், இருட்டறைகளில் அவளுடைய டோர்ச் எரிவதையும் நானும் மச்சாளும் மாயக்கதை போலத்தான் வாசித்தோம்.

ஒட்டியது வேறு. 1930இல் வந்த முதல் புத்தகம் ஒரு பழைய மணிக்கூட்டைப் பற்றியது. உறவினர்களுக்குச் சொத்து எழுதிவைப்பதாகச் சொன்ன கிழவர் இறந்துபோகிறார். மரணசாசனத்தைக் காணவில்லை. வசதியான குடும்பம் ஒன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. நான்சி அந்த மணிக்கூட்டுக்குள் ஒரு சின்னக் கொப்பியைக் கண்டுபிடிக்கிறாள். மரணசாசனத்துக்கு வழிகாட்டுவது அதுதான்.

இதை நான் வாசித்தது 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி, ஸ்கந்தபுரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது. ஆங்கில ரீச்சரான சின்னம்மா, அதற்கு முந்தைய வருட இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த புத்தகம். எங்கே ஓடினாலும் அம்மா ஒரு பையை மட்டும் கைவிடமாட்டார். காணி உறுதி, அரச காணிக்கான பெர்மிட், பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். ஒரு கடதாசி தொலைந்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்னம்மா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, மணிக்கூடு திறந்த இடத்தில், "பிறகு? காணி அந்தச் சனத்துக்குக் கிடைச்சுதோ?" என்று கேட்டார். துப்பறிவதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. எனக்கும் அந்தக் கேள்விதான் பெரிதாகப் பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகு, உறுதியும் பெர்மிட்டும் போய், தங்கள் வளவு தங்களுடையதுதான் என்று நிரூபிக்க அலைந்த சனத்தைப் பார்த்தபோது மறுபடியும் அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் உண்டு. நான்சிக்கு 16 வயது, பின்னைய பதிப்புகளில் 18. பெரியவர்களிடம் போய்க் கேள்வி கேட்கிறாள், அவர்களும் பதில் சொல்கிறார்கள். "பெரியாக்கள் கதைக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை" என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது பெரிய விஷயம்.

சரி, மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். 1959 முதல் பழைய புத்தகங்களைத் திருத்தி, சுருக்கி வெளியிட்டார்கள். பழைய பதிப்புகளில் கறுப்பின மக்களைத் தாழ்த்திக் காட்டிய இடங்கள் இருந்தன. அதனால் திருத்திய பதிப்பையே வாங்குங்கள். ஏன் திருத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், 11 வயதுக்கு விளங்கும். அட்டையில் எழுதியவராகப் போட்டிருக்கும் கரோலின் கீன் என்ற பெயரில் யாரும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். முதல் 30 கதைகளில் 23ஐ எழுதியவர் மில்ட்ரெட் வேர்ட் பென்சன். தொடக்கத்தில் புத்தகத்துக்கு 125 டொலர், அவ்வளவுதான்; உரிமைத்தொகை கிடையாது, பெயரும் கிடையாது. 1980இல் ஒரு பதிப்பக வழக்கில் சாட்சி சொன்ன பிறகே அவர் பரவலாக அறியப்பட்டார். நான்சி துப்பறிந்த எந்த வழக்கையும் விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்களே பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் புத்தகத்தை அவளிடமே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா