பால் வாங்கப் போவது யார்?

கேள்வி: வயது 44. குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. போன மாதம் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. மார்ச்சுக்குள் 15 கிலோ குறைப்பது என்று புத்தாண்டுத் தீர்மானம். இதற்கு முன் மூன்று ஜனவரிகளில் ஜிம்முக்குப் பணம் கட்டி, பொங்கலோடு நின்றுவிட்டேன். இந்தக் குளிரில் எழுந்திருக்கவே முடியவில்லை. அம்மா மேலே ரோட்டுக்குப் போய்ப் பால் வாங்கி வந்து, டீ கொடுத்து எழுப்பும்போதே ஏழரை. அவருக்கு 69 வயது, முழங்கால் வலி வேறு. சீக்கிரம் எழுப்பச் சொல்லித் தொந்தரவு செய்யவும் மனம் வரவில்லை. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 96 படி. பக்கத்தில் நடக்கச் சமதளமும் கிடையாது. நடைமுறைக்கு ஒத்துவரும் இலக்கை எப்படி வைப்பது?

பதில்: டிசம்பர் கடைசியில் இப்படி ஒரு கட்டுக் கடிதம் வரும். எல்லாவற்றிலும் கிலோ கணக்கு இருக்கும், ஜிம் பணம் இருக்கும். மனம் தளராதீர்கள், முயன்றால் முடியும் என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம். எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தப் பால்தான்.

69 வயது, முழங்கால் வலி, 96 படி. ஜனவரியில் ஆறு மணிக்கு உங்கள் ஊரில் விடிந்திருக்காது. படியெல்லாம் பனி ஈரம், ஓரத்தில் பாசி. ரோட்டில் காட்டெருமை நின்றாலும் நிற்கும், கரடி வந்தாலும் வரும். குன்னூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருட்டில் ஏறி, பால் பையோடு ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கி வருகிறார். மூட்டு வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. மகன் கம்பளிக்குள். சீக்கிரம் எழுப்பச் சொல்ல மனம் வரவில்லையாம். பாலுக்கு அனுப்ப மட்டும் எப்படித் தம்பி மனம் வருகிறது?

"அம்மாவாகவே போகிறார், சொன்னால் கேட்பதில்லை" என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். எல்லா மகன்களும் எழுதுவதுதான். அவர் கேட்கமாட்டார் என்றால் அவருக்கு முன்னால் எழுந்திருங்கள். பெற்றவளைப் பாலுக்கு அனுப்பிவிட்டு ஜிம்முக்குப் போகிறவனின் உடற்பயிற்சியில் எனக்கு மரியாதை இல்லை. பழைய காலத்துப் பேச்சு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, நீங்கள் கணக்கு எழுதுகிறவர், கணக்குக்கே வருவோம். மூன்று மாதத்தில் 15 கிலோ என்றால் வாரம் ஒரு கிலோவுக்கு மேல். வாரம் அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். மார்ச் முடிவில் ஆறு கிலோ. உங்கள் 6.1 இன்னும் நோய் ஆகவில்லை. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கைக் கட்டம், 6.5 வந்தால் நீரிழிவு. அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படி வாசலில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு, எடையில் 7 சதவீதமும் வாரம் 150 நிமிட நடையும்தான். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 84-ல் 7 சதவீதம் எவ்வளவு? அதே ஆறு கிலோ. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக இருந்தவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. ஆனாலும் நீரிழிவு வருவது கால்வாசிக்கு மேல் குறைந்தது. ஆக, தினமும் எடை மெஷினில் ஏறி இறங்குவதை விடுங்கள். இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது.

சமதளம் இல்லை என்ற புகாரைப் படித்துச் சிரித்தேன். ஜிம்மில் காசு கொடுத்து மெஷினில் ஏற்றம் வைத்து நடக்கிறார்கள். உங்களுக்கு வாசலிலேயே 96 படி. முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது நெஞ்சை அடைத்தால் நின்றுவிட்டு அன்றே போய்ப் பாருங்கள். அப்புறம், ஜனவரி முழுக்கப் பால் மட்டும். மெதுவாக ஏறி, வாங்கி, இறங்குங்கள், போதும். பிப்ரவரியில், வெளிச்சம் வந்ததும் ரோட்டில் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆயிற்று. ஏப்ரலில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

டீயோடு வர்க்கி எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஊர்க்காரர் யாரும் எழுதமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

பால் பை எந்த ஆணியில் தொங்குகிறது, டார்ச் எங்கே இருக்கிறது என்று இன்று ராத்திரியே அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீயும் நீங்களே போடுங்கள். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்றும் கேட்க வேண்டியிருக்கும்.