பழைய கணினி, புது வைஃபை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 7. வைஃபை கிடையாது. ரூட்டர் கீழே ஹாலில், கணினி மாடியில். என்ன வாங்கலாம்?

யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் போதும். ஆனால் நகத்தளவு டாங்கிள் வேண்டாம். ஆன்டெனா மிகச் சிறியது என்பதால் கான்கிரீட் தளத்தைத் தாண்டிச் சிக்னல் பிடிக்கத் திணறும். வெளியே நீட்டிய ஆன்டெனாவோடு, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். மாடிக்கு 2.4-தான் கைகொடுக்கும், ரூட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும்.

அட்டைப்பெட்டியில் விண்டோஸ் 7 என்று அச்சிட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். புதிய தலைமுறையான வைஃபை 6 அடாப்டர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11-க்கு மட்டுமே டிரைவர் (அடாப்டரை இயக்கும் மென்பொருள்) தருகின்றன. உங்களுக்கு அதற்கு முந்தைய வைஃபை 5 அடாப்டரே சரி. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் என்று கவலைப்படாதீர்கள். வீட்டு இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். என்றால் அது தாராளம்.

கேபினட்டின் பின்புறம் நேரடியாகச் செருகினால் இரும்புத் தகடு சிக்னலை மறைக்கும். ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரை மேஜைமேல் வையுங்கள். யூ.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தால் அதிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் மின்காந்த இரைச்சல் 2.4 அலைவரிசையிலேயே விழுகிறது.

கேள்வி: ரூட்டரை மாற்றியதிலிருந்து பழைய லேப்டாப்பில் எங்கள் வைஃபை பெயரே வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பெயர் தெரிகிறது. வைஃபை கார்டு போய்விட்டதா?

பக்கத்து வீட்டுப் பெயர் தெரிகிறதென்றால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. அதற்குள் லேப்டாப்பைக் கழித்துவிடாதீர்கள். புது ரூட்டர் பேசுவது இதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

போனில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பழைய கார்டுகள் பல 2.4 மட்டுமே அறியும் என்பதால், 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து 2.4-க்குத் தனிப்பெயர் கொடுங்கள். பிறகு 2.4-ன் சேனலை (அலைவரிசைக்குள் எண்ணிட்ட பாதை) பாருங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் சில ரூட்டர்கள் 12, 13-க்குப் போய்விடும். அமெரிக்கச் சந்தைக்கான கார்டுகளுக்கு அந்தச் சேனல்கள் தெரியாது. 1, 6, 11-ல் ஒன்றை நிலையாக வையுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு முறை. டபிள்யூ.பி.ஏ.3 என்ற புது முறை இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2, குறியாக்கம் ஏ.இ.எஸ். என்று மாற்றுங்கள். '2, 3 கலந்தது' என்ற தேர்விலும் சில பழைய கார்டுகள் தடுமாறும். எக்காரணம் கொண்டும் டபிள்யூ.இ.பி. என்ற மிகப் பழைய முறைக்கு இறங்காதீர்கள், அந்தப் பூட்டு 2001-லேயே உடைந்துவிட்டது.

இதற்குப் பிறகும் வரவில்லையென்றால் வைஃபை 6-தான் காரணமாக இருக்கும். இன்டெல் 7260, 3160 போன்ற கார்டுகளின் பழைய டிரைவர், வைஃபை 6 ரூட்டரின் பெயரைக்கூடக் காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். முடியாதென்றால் 2.4-ன் 'மோடு' பகுதியில் ஏ.எக்ஸ். (வைஃபை 6) நீக்கி, பழைய முறைகளான பி/ஜி/என் மட்டும் வையுங்கள். 5-ஐத் தொடவில்லை என்பதால், அதில் இருக்கும் போன்களின் வேகம் குறையாது.

கேள்வி: வைஃபை வேகம் 54 எம்.பி.பி.எஸ்.-க்கு மேல் ஏறவே இல்லை. கார்டு 150 வரை தாங்கும்.

ரூட்டரில் குறியாக்கம் டி.கே.ஐ.பி. என்ற பழைய முறையில் இருக்கக்கூடும். அதோடு 802.11என் (மோடு பட்டியலில் 'என்') வேகம் வராது. ஏ.இ.எஸ். ஆக்குங்கள்.

கேள்வி: வைஃபை இணைந்துவிட்டது. ஆனால் எந்தத் தளம் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்கிறது.

கணினியின் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் நின்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதியைச் சரிசெய்தும் மறுபடி அணைத்துப் போடும்போது பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் எக்ஸ்.பி. கணினி வைத்திருக்கிறோம். வைஃபையில் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்.பி.க்கு இப்போது அடாப்டர் தேடுவது வீண். சும்மா கிடக்கும் பழைய ரூட்டரில் 'கிளையன்ட்' அல்லது 'ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்' மோடு இருந்தால், அது வைஃபையை வாங்கி லேன் கேபிளில் கணினிக்குக் கொடுக்கும். டிரைவரே தேவையில்லை. எக்ஸ்.பி.யின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. அதில் இணையம் பார்க்காதீர்கள், வங்கிக் கணக்கு கூடவே கூடாது. பிரிண்டருக்கும் ஃபைல் பகிரவும் மட்டும் என்றால், ரூட்டரின் 'பேரன்டல் கன்ட்ரோல்' பகுதியில் அந்தக் கணினிக்கு இணையத்தைத் தடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் பகிர்வது வழக்கம்போல நடக்கும்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை டிரைவர் இல்லை; இறக்க இணையமும் இல்லை.

ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் இணைத்து, யூ.எஸ்.பி. கேபிளில் கணினியோடு செருகி, 'யூ.எஸ்.பி. டெதரிங்' போடுங்கள். போனின் வைஃபையே கணினிக்கும் வரும். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், உங்கள் கார்டு பிராட்காம் நிறுவனத்தது என்றால் அதற்கான டிரைவரைத் தானே காட்டும். அதை நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.