பிசிர் ஊர் ஆதனின் அப்பா

அன்புள்ள அம்மா,

என் மகன் படிப்புக்காக ஜெர்மனி போயிருக்கிறான். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் என் பெயரைப் போட்டிருந்தோம். இப்போது அங்கே எல்லோரும் அவனை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். கூச்சமாக இருக்கிறது என்கிறான். ரோமானியர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஆளுக்கு மூன்று பெயர் வைத்து இதை ஒழுங்கு செய்துவிட்டார்கள். நமக்கு ஏன் அப்படி ஒரு முறை இல்லாமல் போயிற்று? பழந்தமிழ் நாட்டில் பத்துச் சாத்தன்கள் இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்லியிருப்பார்கள்? சாதியை வைத்துத்தானா?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் புறநானூற்றின் 67ஆம் பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டும்.

ரோமானியர் ஒழுங்கு என்கிறீர்கள். ஆண்களுக்குச் சரி. சீசரின் சகோதரிகள் இரண்டு பேர், இருவர் பெயரும் ஜூலியா. அத்தை ஜூலியா. மகளும் ஜூலியா. ஜூலியஸ் குலத்தில் பிறந்ததால் ஜூலியா, அவ்வளவுதான். அக்கா தங்கையைப் பிரித்துச் சொல்லப் பெரியவள், சின்னவள் என்று சேர்த்துக்கொண்டார்கள். இதையா நமக்கு இல்லாமல் போயிற்று என்று வருத்தப்படுகிறீர்கள்? நம்மிடம் என்ன இருந்தது என்று ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கக் கூடாதா?

பத்துச் சாத்தன் என்று நீங்கள் பேச்சுக்குச் சொன்னது சங்க நூல்களில் நிஜமாகவே இருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், மோசி சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார். யாருக்கும் யாரோடும் குழப்பம் வரவில்லை. முதல் ஆளைப் பாருங்கள். இருப்பது மதுரை, விற்பது தானியம், சொந்த ஊர் சீத்தலை. ‘எந்தச் சாத்தன்?’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன பதில் வருமோ, அதுவே பெயரின் முன்பாதி.

கல்வெட்டும் அப்படித்தான். அழகர்மலைக் குகையில் ஒருவர் உப்பு வாணிகர், ஒருவர் மதுரைப் பொற்கொல்லர். புகளூரில் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி. கொடுமணலில் கிடைத்த பானை ஓட்டில் ‘கண்ணன் ஆதன்’, கீழடி ஓட்டில் ‘குவிரன் ஆதன்’. நம் இனிஷியல் மாதிரியே அப்பன் பெயர் முன்னால். சாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். உப்பு விற்றவரை உப்பு விற்றவர் என்றார்கள். இன்றைய பட்டியலை அங்கே கொண்டுபோய் ஒட்டாதீர்கள்; அதற்குமேல் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

அரசர்கள் சங்கதி வேறு. வழுதி என்றும் மாறன் என்றும் ஏகப்பட்ட பேர். எனவே எங்கே இறந்தார் என்பதை வைத்து அடையாளம் சொன்னார்கள். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி. ஒருவர் கடலில் போய்விட்டார். ‘கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி’ என்ற பெயரில்தான் ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’ பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை அவர் காதால் கேட்டதே இல்லை. அதை நினைக்காமல் என்னால் அந்தப் பாட்டைப் படிக்க முடிவதில்லை.

இப்போது 67ஆம் பாட்டு. பாண்டிய நாட்டுப் பிசிர் ஊர்க்காரர் ஒருவர், நாம் பிசிராந்தையார் என்கிறோமே அவர்தான், வடக்கே பறக்கும் அன்னச்சேவலிடம் சொல்கிறார்: வழியில் உறையூரில் இறங்கு, வாயிலில் நிற்காமல் நேரே உள்ளே போ, சோழன் கிள்ளியின் காதில் விழும்படி ‘இரும்பிசிர் ஆந்தை அடியுறை’, அதாவது பெரிய பிசிர் ஊர் ஆந்தையின் அடியில் இருப்பவன், என்று சொல். ஆந்தை என்றதும் பறவை நினைப்பு வருகிறதா? பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் வந்தது, யாரும் திருத்தவில்லை. ஆதன் தந்தை என்பது சேர்ந்து ஆந்தை ஆகிறது. பூதன் தந்தை பூந்தை. சாத்தன் தந்தை சாத்தந்தை. தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் இதற்கென்றே விதி எழுதியிருக்கிறார். தம்பி, கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஊர் முழுக்க அப்படிக் கூப்பிட்டிருந்தால்தானே இலக்கணத்தில் விதி வரும்? பிள்ளையின் பெயரால் தகப்பனைச் சொல்வது அவ்வளவு சாதாரணமாக இருந்திருக்கிறது.

ஒரு பெரும் புலவர் சோழ மன்னனுக்குத் தன்னை அறிவித்துக்கொள்வது ‘பிசிரில் இருக்கும் ஆதனின் அப்பா’ என்று. வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டதற்கும் (191ஆம் பாட்டு) அவர் முதலில் சொல்லும் காரணம், ‘மாண்ட என் மனைவியொடு மக்களும் நிரம்பினர்’. மாண்ட என்றால் இங்கே இறந்த அல்ல, மாட்சிமை உள்ள. பிள்ளையால் பெயர் பெற்றவர் வாயில் மனைவியோடு பிள்ளைகளும் முதல் வரியிலேயே வந்துவிடுகிறார்கள். அந்த ஆதன் யார், என்ன செய்தான், ஒரு வரி கிடையாது. அப்பாவின் பெயருக்குள் ‘ஆ’ என்ற ஒற்றை எழுத்தாக இருக்கிறான்.

உங்கள் மகன் கூச்சப்படுகிறான் என்கிறீர்கள். உங்கள் தெருவில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அவன் பெயரைச் சொல்லி ‘அப்பா’ என்றுதானே? அதை அவனுக்குச் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெண்ணி ஊர்க் குயவர் வீட்டுப் பெண் ஒருத்தி கரிகாலனைப் பாடினாள். நமக்குக் கிடைத்த பெயர் வெண்ணிக் குயத்தியார். பாரியின் பெண்கள் பாடியது புறநானூற்றில் இருக்கிறது, பெயர் ‘பாரி மகளிர்’ மட்டும்.

என் அப்பத்தாவை ஊரில் ‘தோப்பு வீட்டுப் பெரியாத்தா’ என்பார்கள். ரேஷன் கார்டிலும் பெரியாத்தா. அப்பாவும் சித்தப்பாவும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். கருமாதிப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது அச்சகத்துக்காரர் ‘சொந்தப் பேரு என்னம்மா?’ என்றார். பேரன் பேத்திகள் ஏழு பேர் நின்றோம், ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியாத்தா என்றே அடித்தோம். சடங்கு நாளன்று பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தபோது கழுத்தோரம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது: மீ. அழகம்மை. அவள் கல்யாணச் சீர்க் குடம் அது.

மீ. என்பது அவள் அப்பாவாக இருக்க வேண்டும். முழுப் பெயரைச் சொல்ல அவள் பிறந்த ஊரிலும் ஆள் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பாத்திரம் இருக்கும். இறக்கிப் பாருங்கள். என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.