காது மெஷினை மறைத்துக்கொண்டு வராதீர்கள், தங்கச்சி

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். இரண்டு காதுக்கும் மெஷின் போடுகிறவ. அதைக் கம்பஸுக்குச் சொன்னால் விசா குழம்புமா, அறை வாடகை எவ்வளவு, என்ன குளிர் உடுப்பு வாங்க வேண்டும் என்று மூன்று கேள்வி.

குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள். வாடகை ஊருக்கு ஊர் வேறு. மிச்சம் முழுக்கக் காதைப் பற்றித்தான், ஏனென்றால் 2011இல் நானும் அதே மாதிரி மெஷினோடு பம்பலப்பிட்டியில் இருந்து வந்தவள்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. வந்த கிழமையே தூரத்து மாமா ஒருவர், "வாயைத் திறக்காதே, திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார். இருபது வருஷமாக இங்கே இருந்தும் ஒரு படிவத்தைத் தானாக நிரப்பாத மனுஷன். எங்கட ஆக்களுக்குள் இப்படிச் சட்டம் கரைத்துக் குடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நானும் தலைமயிரை விரித்துக் காதை மூடிக்கொண்டு முன்வாங்கில் இருந்தேன். விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பினால் உதடு மறைந்துவிடும், அதோடு எனக்குப் பாடம் முடிந்தது. முதல் ஒப்படையின் கடைசி நாள் "தேர்ட்டீன்த்" என்றது எனக்குத் "தேர்ட்டியத்" என்று கேட்டது. பதினேழு நாள் பிந்திக் கொடுத்து, புள்ளி பூச்சியம். அறைக்கு வந்து அழுதேன்.

காது கேட்காததற்காக மாணவர் விசாவை மறுப்பதில்லை. மருத்துவப் பக்கத்தில் இலங்கையருக்குக் கேட்பது காசநோய்ப் பரிசோதனை. அரசாங்கம் இங்கத்தைய மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கொடுக்கும் டி.எஸ்.ஏ. உதவிப்பணம் நமக்குக் கிடையாது, அதை நம்பி வராதீர்கள். ஆனால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். நியாயமான வசதியைக் கம்பஸ் செய்து தர வேண்டும், அதற்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. சோதனையில் கூடுதல் நேரம், பெரும்பாலும் 25 சதவீதம். குறிப்பு எடுக்க ஆள். விரிவுரையாளரின் சட்டையில் குத்தி, அவர் குரலை நேரே உங்கள் காது மெஷினுக்கு அனுப்பும் மைக். எல்லாம் தானாக வராது, கேட்க வேண்டும். அதுவும் கொழும்பில் இருந்தே, இடம் உறுதியான கையோடு மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஆடியோகிராமும் (காது கேட்கும் அளவைச் சோதித்த அறிக்கை) வைத்தியரின் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒரு வருஷ மாஸ்டர்ஸில் வந்து சேர்ந்தபிறகு தொடங்கினால் முதல் தவணை போய்விடும்.

விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் வாங்குகிறார்கள்தானே, அதை வீணாக்காதீர்கள். ஜி.பி. என்கிற குடும்ப வைத்தியரிடம் பதிந்து, என்.எச்.எஸ். என்கிற அரசாங்க சுகாதார சேவையின் காதுப் பிரிவுக்குப் போனால் மெஷினும் பட்டரியும் இலவசம். அங்கே ஒரு செம்மஞ்சள் பட்டரிப் பெட்டியைச் சும்மா நீட்டியபோது நான் பேர்ஸைத் திறந்துகொண்டு நின்றேன். கொழும்புப் புழுக்கத்துக்கு அம்மா இரவிலே மெஷினை அரிசிப் போத்தலுக்குள் வைப்பா. இங்கே அந்த வேலையும் இல்லை.

சரி, மைக் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் தவணையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், கிடைத்தது. முதல் நாள் இடைவேளையில் பேராசிரியர் அதை நிறுத்த மறந்து வெளியே போய்விட்டார். படிக்கட்டில் நின்று மனைவியிடம், உருளைக்கிழங்கு வாங்க மறந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது பேர் இருந்த மண்டபத்தில் அது கேட்டது எனக்கு மட்டும்தான்.