மாதிரி ரயில்களில் ஹெச்ஓ, என், ஓஓ என்கிறார்களே, ஸ்கேல் என்றால் என்ன?

நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் ஸ்கேல். 'ஹெச்ஓ' 87-இல் ஒரு பங்கு, 'என்' 160-இல் ஒரு பங்கு. 23 மீட்டர் பெட்டி முதலாவதில் சுமார் 26 செ.மீ., இரண்டாவதில் 14 செ.மீ. ஒரே புள்ளிக் கோலத்தை வாசலில் அகலமாகவும் பூஜையறையில் நெருக்கியும் போடுவது போலத்தான். புள்ளிகளின் இடைவெளி மட்டுமே மாறும்.

இரண்டில் எதைத் தேர்வது என்பதற்கு முக்கியக் காரணம் இடம். நீண்ட சரக்கு ரயில் ஒரு மேசைக்குள்ளேயே வளைந்து திரும்பும் அழகு 'என்' தருவது. எஞ்சினின் கைப்பிடிக் கம்பிவரை ரசிக்க ஹெச்ஓதான், எனக்கு அதுவே பிடித்தம்.

தண்டவாள அகலம் ஒன்றானால் ஸ்கேலும் ஒன்று என்று நினைக்க வேண்டாம்: பிரிட்டனின் 'ஓஓ' 76-இல் ஒரு பங்கு, ஆனால் ஓடுவது ஹெச்ஓவின் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்.