சொருகினாலே திணறும் போர்டு: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மின்சார மீட்டர் ரீடிங் எடுத்து அனுப்ப ஒரு லினக்ஸ் போர்டு, ரேம் வெறும் 64 எம்பி. ஒரு யுஎஸ்பி ஹப்பில் 4ஜி டாங்கிள், பார்கோடு ஸ்கேனர், மீட்டர்களை இணைக்க இரண்டு ஆர்எஸ்-485 கன்வெர்ட்டர். ஹப்பைச் சொருகியதும் போர்டு சில வினாடி அப்படியே நின்றுவிடுகிறது, சமயத்தில் மெமரி பத்தாமல் ரீடிங் எடுக்கிற புரோகிராமையே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கொன்றுவிடுகிறது. பெரிய போர்டுக்கு மாறத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். ப்ராக் அடியில் சிஸ், அதற்குள் கர்னல், அதற்குள் ஹாட்பிளக் என்று ஒரு ஃபைல் (/proc/sys/kernel/hotplug) இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். உள்ளே எம்டெவ் (சாதனம் வந்தால் ஓடும் சின்ன புரோகிராம்) என்றோ உங்கள் ஸ்கிரிப்ட் பெயரோ இருந்தால் திருடன் அவன்தான்.

எந்தச் சாதனம் வந்தாலும் போனாலும் கர்னல் ஒரு அறிவிப்பு விடும். அந்த ஃபைலில் ஒரு பெயர் இருந்தால், ஒவ்வொரு அறிவிப்புக்கும் அந்தப் புரோகிராமைப் புதிதாகக் கிளப்பும். கல்யாண வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க, ஆளுக்கு ஒரு புது ஆளை வேலைக்கு வைப்பது மாதிரி. ஒரு பென் டிரைவ் சொருகினால் ஒரு அறிவிப்புதானே என்று நினைப்போம், ஆனால் யுஎஸ்பி சாதனம், அதன் இன்டர்ஃபேஸ், அப்புறம் ஸ்கஸி அடுக்கில் (டிஸ்க்குகளைக் கையாளும் கர்னல் பகுதி) மூன்று நான்கு, டிஸ்க், பார்ட்டிஷன் என்று பத்து வரை தேறும். உங்கள் டாங்கிள் இன்னும் மோசம்: பல டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் வேஷத்தில் வரும், வேஷம் கலைந்து மறைந்து, மறுபடி மோடமாக நான்கைந்து போர்ட்டோடு வரும். இத்தனைக்கும் ஒரே நேரத்தில் ஷெல் ஸ்கிரிப்ட் ஓடினால் 64 எம்பி என்ன செய்யும், பாவம்.

அந்த ஃபைலைக் காலி செய்யுங்கள். சாதன ஃபைல்கள் உருவாகாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், 2009-இல் வந்த 2.6.32 கர்னலிலிருந்தே டெவ்டெம்ப்எஃப்எஸ் என்ற கர்னல் வசதி அதைத் தானாகச் செய்கிறது, உங்கள் கர்னலில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அறிவிப்புகளைக் கேட்க ஒரே ஒரு புரோகிராம், நெட்லிங்க் சாக்கெட்டை (கர்னலின் செய்தி வரும் வழி) திறந்து வைத்துக்கொண்டு தூங்கினால் போதும். பெரிய லினக்ஸ்களில் இருக்கும் யூடெவ் செய்வதும் இதுதான், சின்ன போர்டுகளுக்கான பிஸிபாக்ஸ் தொகுப்பின் புதிய பதிப்பில் எம்டெவ்வையும் இப்படி டீமனாக (பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதாக) ஓட்டலாம். உங்களுக்கு நான்கே சாதனம் என்பதால் சி-யில் நூற்றைம்பது வரியில் நீங்களே எழுதிவிடலாம், நான் அதைத்தான் செய்வேன். டிடிஒய் (சீரியல் போர்ட்), நெட்வொர்க், இன்புட் தவிர மற்ற அறிவிப்புகளைப் படித்தவுடன் தூக்கிப் போடுங்கள்.

இதில் மூன்று இடத்தில் கால் இடறும். போர்டு கிளம்பும்போதே சொருகியிருந்த சாதனங்களின் அறிவிப்பு உங்கள் புரோகிராம் எழுவதற்கு முன்பே போயிருக்கும், அதனால் சிஸ்எஃப்எஸ்ஸை (இருக்கிற சாதனங்களைக் கர்னல் காட்டும் இடம்) ஒருமுறை துழாவ வேண்டும். ஆனால் முதலில் சாக்கெட்டைத் திறந்துவிட்டு அப்புறம் துழாவுங்கள், மாற்றிச் செய்தால் இடைவெளியில் வந்தது தப்பிவிடும். (ஒரே சாதனம் இரண்டு முறை தெரியலாம், தெரியட்டும்.) இரண்டாவது, அறிவிப்புகள் குவிந்து சாக்கெட்டின் பஃபர் நிரம்பினால் சில காணாமல் போகும், ரீட் செய்யும்போது இநோபஃப்ஸ் என்ற பிழை வரும். அதை அலட்சியப்படுத்தாமல் மறுபடி துழாவுங்கள். மூன்றாவது, செய்தி கர்னலிடமிருந்துதான் வந்ததா என்று அனுப்பியவர் எண்ணைச் சரிபாருங்கள், அது பூஜ்யமாக இருக்க வேண்டும். 2009-இல் யூடெவ்வே இதைச் சரிபார்க்காமல் விட்டு, சாதாரண யூசர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆகிற ஓட்டை வந்தது.

டிரைவர்களை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். என்ன சாதனம் வரும் என்று தெரிந்த இடத்தில் மாட்யூல் தேடி லோட் செய்வது வீண் வேலை.

அப்புறம், ஹப்புக்குத் தனி அடாப்டர் இருக்கிறதா? இல்லையென்றால் யுஎஸ்பி 2.0 கணக்குப்படி ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்ப்தான், 4ஜி டாங்கிளுக்கு அது எந்த மூலைக்கு? வோல்டேஜ் இறங்கி டாங்கிள் விழும், எழும், விழும், ஒவ்வொரு தடவையும் அதே அறிவிப்பு மழை. டிமெசேஜில் (கர்னலின் பதிவு) டிஸ்கனெக்ட் வரிசையாக வந்தால், புரோகிராமைத் தொடுவதற்கு முன் அடாப்டர் வாங்குங்கள்.

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரைப் பிடுங்கிச் சொருகினால் டிடிஒய்-யுஎஸ்பி-0 என்பது 1 ஆகிவிடுகிறது. ரீபூட் செய்தால்தான் சரியாகிறது.

பதில்: தப்பு கன்வெர்ட்டர் மேல் இல்லை, உங்கள் புரோகிராம் மேல்தான். சாதனம் போன பிறகும் பழைய ஃபைலை மூடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் 0 விடுபடவில்லை, கர்னல் அடுத்த எண்ணைக் கொடுக்கிறது. போல் என்ற கர்னல் அழைப்பில் ஹேங்அப் (இணைப்பு அறுந்தது) வந்ததும் மூடுங்கள். அதோடு எண்ணை நம்புவதையும் விடுங்கள். மலிவான சிஎச்340 கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் சீரியல் நம்பரே இருக்காது, ஒரே மாதிரி இரண்டு மாட்டினால் அடையாளம் தெரியாது. எந்த போர்ட்டில் சொருகியிருக்கிறது என்ற சிஸ்எஃப்எஸ் பாதையை வைத்துப் பெயர் கொடுங்கள், ஹப்பின் மேல் பெயின்டால் 1, 2 என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் பென் டிரைவைப் பிடுங்குகிறார், ஃபைல் கெடுகிறது. எழுதுவதை உடனுக்குடன் டிரைவில் பதிக்கும் சிங்க் ஆப்ஷனோடு மவுன்ட் செய்யலாமா? (அல்சூர் வாசகி)

பதில்: செய்யாதீர்கள். எழுதுவது ஆமை வேகமாகும், ஃபேட் அட்டவணையையே (எந்த ஃபைல் எங்கே என்ற குறிப்பு) திரும்பத் திரும்ப எழுதி மலிவு டிரைவைச் சாகடிக்கும். எழுதும் நேரம் மட்டும் மவுன்ட் செய்து, எழுதி, உடனே அன்மவுன்ட் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஒரு சிவப்பு எல்இடி எரியட்டும். அது அணைந்த பிறகு அவர் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளட்டும்.