10 அடி பிரேம் குளத்துக்கு காட்ரிட்ஜ் பில்டர் போதுமா, மணல் பில்டர் போட வேண்டுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: வீட்டின் பின்பக்கம் தரையில் 10 அடி விட்டமும் 30 அங்குல உயரமும் கொண்ட ஸ்டீல் பிரேம் குளம். கூடவே வந்த சின்ன காட்ரிட்ஜ் பில்டர் (மடிப்பு மடிப்பான நார் உருளை வழியாக வடிகட்டுவது). ஊற்றுவது போர் தண்ணீர். நாலாம் நாள் பால் மாதிரி கலங்குகிறது, வாரக் கடைசியில் பச்சை தட்டுகிறது. கடைக்காரர் அரை எச்பி மோட்டாரோடு மணல் பில்டர் போடச் சொல்கிறார்.

போடாதீர்கள். பில்டர் விஷயத்தில் எங்கே போனாலும் முதல் கேள்வி "எத்தனை எச்பி" என்றே வருகிறது. பதில் சொல்பவர்களும் பெரிய மோட்டாரைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தப் பழக்கத்தால் எத்தனை பேருடைய பணம் வீணாகிறது என்பதுதான் என் ஆதங்கம். பார்க்க வேண்டியது குளத்தில் எத்தனை லிட்டர், பில்டர் வழியாக மணிக்கு எத்தனை லிட்டர், அழுக்கு எந்த வகை என்ற மூன்றை மட்டும்தான்.

இந்த வகைக் குளங்களைத் தயாரிக்கும் இன்டெக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி உங்கள் அளவுக் குளத்தை 90 சதவீதம் நிரப்பினால் 4,485 லிட்டர். கூட வரும் பில்டர் பெரும்பாலும் மணிக்கு 1,250 லிட்டர் என்று போட்டிருக்கும். மூன்றரை மணி நேரத்தில் குளம் முழுக்கச் சுத்தமாகிவிடும் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். அந்த எண் பம்பு மட்டும் தள்ளுவது. ஹோஸ், காட்ரிட்ஜ் எல்லாம் மாட்டிய பிறகு 30 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். காட்ரிட்ஜில் அழுக்கேறினால் பாதிக்கும் கீழே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. வடிகட்டிய தண்ணீர் திரும்ப அதே குளத்தில் விழுந்து அழுக்குத் தண்ணீரோடு கலக்கிறது. அதனால் 4,485 லிட்டர் ஓடி முடிந்தாலும் எல்லாத் தண்ணீரும் பில்டருக்குள் போய் வந்திருக்காது. நன்றாகக் கலக்கும் குளத்தில் ஒரு சுற்றில் (குளத்தின் மொத்த லிட்டர் அளவு ஒரு முறை ஓடுவது) சுமார் 63 சதவீதத் தண்ணீர்தான் பில்டரைத் தொடும். 2 சுற்றில் 86, 3 சுற்றில் 95. ஆக, ஒரு நாளைக்குக் குறைந்தது 2 சுற்று, ஆட்கள் அதிகம் இறங்கும் நாளில் 3 சுற்று வேண்டும். உங்கள் சின்ன பம்பை 8 மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றரைச் சுற்றுதான் தேறும். அதே 8 மணி நேரத்தில் மணிக்கு 2,006 லிட்டர் என்று போட்ட அடுத்த அளவு காட்ரிட்ஜ் பம்பு இரண்டரைச் சுற்று தந்துவிடும்.

என் பரிந்துரை அதுதான். அதில் உட்காருவது 'ஏ' வகைக் காட்ரிட்ஜ். உங்களிடம் இருக்கும் 'எச்' வகையைவிடப் பெரியது, அதனால் மடிப்புப் பரப்பும் அதிகம், அடைப்பதும் தாமதமாகும். 32 மில்லிமீட்டர் ஹோஸ்தான், குளத்துச் சுவரில் இருக்கும் துளைக்கு அப்படியே பொருந்தும். உள்ளூர் பிளம்பரிடம் சொல்லும்போது மட்டும் கவனம். கடையில் 32 எம்எம் பிவிசி என்றால் குழாயின் வெளி விட்டம், குளத்து ஹோஸில் 32 என்றால் உள் விட்டம். ஹோஸ் துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வாங்கும் முன் அந்த எழுத்து வகைக் காட்ரிட்ஜ் உங்கள் ஊரில் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காது என்றால் அந்த பம்பை விட்டுவிட்டு, கிடைக்கும் வகைக்குப் பொருந்தும் பம்பாக வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் பெட்டியில் இருப்பது 110 முதல் 120 வோல்ட் பம்பு, நம் பிளக்கில் செருகினால் எரிந்துவிடும்.

மணல் பில்டர் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது நல்ல பொருள்தான். ஆனால் மணல் பிடிப்பது பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான தூசி. காட்ரிட்ஜ் 10 முதல் 20 வரை பிடிக்கும். "மணல்தான் நுணுக்கமாக வடிகட்டும்" என்பது தவறான நம்பிக்கை. மணலின் வசதி, கழற்றாமல் கழுவலாம் என்பதுதான். பெரிய குளத்துக்கு அது பெரிய வசதி. 15 அடிக்கு 48 அங்குலக் குளம் 16,805 லிட்டர் பிடிக்கும், அதற்கு நானே மணல்தான் சொல்வேன். சுமார் 10,000 லிட்டருக்குக் கீழே தேவையில்லை என்பது என் கருத்து. பக்கத்தில் வேப்பமரம், முருங்கை என்று ஓயாமல் உதிரும் மரம் இருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

அந்த அரை எச்பியில் என்ன தப்பு? மணல் தொட்டியில் தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு சதுர மீட்டர் மணல் பரப்புக்கு மணிக்கு 50 கன மீட்டர் என்பது அதன் மேல் எல்லை. 12 அங்குலத் தொட்டியின் பரப்பு 0.073 சதுர மீட்டர், ஆகவே மணிக்கு 3,600 லிட்டர்தான் தாங்கும். அரை எச்பி மோட்டாரைப் போட்டு அதைவிட வேகமாகத் தள்ளினால் தண்ணீர் மணலுக்குள் வாய்க்கால் பறித்துக்கொண்டு போய்விடும், தூசியும் கூடவே குளத்துக்குத் திரும்பும். பெரிய மோட்டார் போட்ட பிறகு தண்ணீர் இன்னும் கலங்கலாகிறதே என்று பலர் குழம்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இதைவிட மோசம், கிணற்று மோனோபிளாக்கை எடுத்து மாட்டுவது. வார்ப்பிரும்பு உடம்பு குளோரினில் துருப்பிடித்துத் தண்ணீரைச் செம்மண் நிறமாக்கும். உறிஞ்சும் வேகமும் அதிகம், குழந்தையின் தலைமுடி உறிஞ்சு துளையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் துளையின் சல்லடை மூடியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

மணல்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால்: 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கா பில்டர் மணல் மட்டுமே போடுங்கள், 10 அங்குலத் தொட்டிக்கு சுமார் 12 கிலோ. ஆற்று மணலும் எம்-சாண்டும் ஆகாது, அவற்றின் பொடி அடிச் சல்லடையை அடைத்துவிடும். மணலைக் கொட்டும்போது நடுக்குழாயின் வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் ஓட்டமே பேக்வாஷ்தான் (தண்ணீரைத் திருப்பி ஓட்டி மணலைக் கழுவுவது), பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை. பிறகு அரை நிமிடம் ரின்ஸ் (அலசல்), அதன் பிறகே பில்டர் நிலை. பம்பு ஓடும்போது வால்வு கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும், அதன் பிறகு அழுக்குத் தண்ணீர் மணலைத் தொடாமலே குளத்துக்குத் திரும்பும். அழுத்தம் 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏறினால் பேக்வாஷ் என்பது பெரிய பம்புக்கான விதி. சின்ன பம்பால் அவ்வளவு ஏற்றவே முடியாது. கழுவிய புதிதில் அழுத்தமானி காட்டியதைவிடக் கால் பங்கு ஏறினாலே கழுவிவிடுங்கள். ஒவ்வொரு பேக்வாஷும் 150 முதல் 200 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். காட்ரிட்ஜைக் கழுவ இரண்டு மூன்று வாளி போதும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இனி உங்கள் நாலாம் நாள் கலங்கல். இதற்குப் பில்டரைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் வினிகர் விடுங்கள். உடனே தெளிந்தால் அது சுண்ணாம்பு. போர் தண்ணீரின் கடினமும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்து பிஎச்சை (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவை) ஏற்றி, சுண்ணாம்பைப் பிரித்து மிதக்கவிடுகின்றன. பிஎச்சை 7.2 முதல் 7.6க்குள் கொண்டுவராமல் எந்தப் பில்டர் போட்டாலும் இது திரும்ப வரும். தெளியவில்லை என்றால் தூசியோ பாசியோ.

பச்சைக்குக் காரணம் குளோரின் பற்றாக்குறை. பில்டர் கிருமியைக் கொல்லாது, செத்த பாசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு என்ற அளவு) வரை எப்போதும் இருக்க வேண்டும். உங்கள் குளத்தில் 2 பிபிஎம் ஏற்ற 9 கிராம் குளோரின் தேவை. 30 சதவீதச் சத்துள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 30 கிராம். பச்சை தட்டிவிட்டால் 10 பிபிஎம், அதாவது 150 கிராம். அந்த அளவு இறங்கும் வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து அரை மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், அடியில் நிற்கும் சுண்ணாம்பு காட்ரிட்ஜின் எமன். மாலையில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை வாங்கினால் ப்ளீச்சிங் பவுடர் இருந்த வாளியிலோ டப்பாவிலோ போடவே கூடாது, இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும்.

படிகாரம் போடச் சொல்பவர்களும் உண்டு. போடலாம், 4,500 லிட்டருக்கு 100 கிராம் கரைத்து ஊற்றலாம். ஆனால் பம்பை நிறுத்திவிட்டு, இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை ஹோஸால் உறிஞ்சி வெளியே விட வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கூழ் காட்ரிட்ஜ் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவவே முடியாது.

நம் ஊர்க் குளங்களில் காட்ரிட்ஜைக் கெடுப்பதில் முதலிடம் தலை எண்ணெய்க்கு. இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள், குழந்தைகளைக்கூட. காட்ரிட்ஜைத் தினமும் எடுத்து மடிப்புக்குள் மேலிருந்து கீழாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், பிரஷ் போட்டால் நார் பிய்யும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் 10 லிட்டருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்து இரவு ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகே சுண்ணாம்புப் படிவுக்கு ஆசிட். ஒரு பங்கு ஆசிட்டுக்கு 20 பங்கு தண்ணீர், தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும். நுரை அடங்கியதும் எடுத்துவிடுங்கள். வரிசையை மாற்றி முதலில் ஆசிட் விட்டால் எண்ணெய் நாரிலேயே இறுகிவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டு ஒன்று வெயிலில் காய, ஒன்று ஓட என்று மாற்றினால் ஆயுள் கூடும்.

கேட்காததையும் சொல்கிறேன், மன்னிக்கவும். நீங்கள் தரையில் வைத்திருக்கிறீர்கள், நல்லது. இதே குளத்தை மொட்டை மாடியில் வைத்துப் படம் போடுபவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 4,485 லிட்டர் என்றால் நாலரை டன். பரப்புக்கு வகுத்தால் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. நாலு மடங்கு! "எங்கள் வீட்டு கான்கிரீட் பலமானது" என்று வாதாட வருபவர்கள் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரட்டும். குளத்தை விற்பவர்கள் இதைப் பெட்டி மேலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும்.

பம்பை மாட்டும்போது: இந்தச் சின்ன பம்புகள் தானாகத் தண்ணீரை இழுக்காது, அதனால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தரையில் சமமாக உட்கார வேண்டும். மேல் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து தண்ணீர் கசியும் வரை விட்டு, மூடி, பிறகே சுவிட்ச். உள்ளே காற்று அடைபட்டு நின்றால் பம்பு சூடேறிக் கெட்டுவிடும். பிளக் குளத்திலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வழியாக, எர்த் உள்ள சாக்கெட்டில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போது பம்பை அணைத்துவிடுங்கள், 8 மணி நேர ஓட்டத்தை இரவிலும் விடியலிலும் வைத்துக்கொள்ளலாம்.